இடக்கை ஏன் மரத்தது?

பெரியப்பா தையல்காரர். 48 வருஷம் கத்திரி பிடித்த கை. அந்தக் கை மரத்துப்போகிறது என்று அவர் சொன்னபோது வீட்டில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. "இத்தனை வருஷம் துணி வெட்டினா மரத்துப்போகாம வேற என்ன ஆகும்?" என்று அவரே சிரித்தார். நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் எதைத் தொட்டாலும் பஞ்சைத் தொடுவதுபோல இருக்கிறது என்பார். ஊசியில் நூல் கோக்கக்கூடப் பெரியம்மாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, கார்பல் டனல் என்று பெயர், மேலே இருக்கும் நாரை வெட்டிவிட்டால் நரம்புக்கு இடம் கிடைத்துவிடும் என்றார்கள். வலக்கைக்கு ஆபரேஷன் நடந்தது. ஆறு மாதம் கழித்து இடக்கைக்கும்.

கத்திரி பிடித்தது வலக்கை. இடக்கை ஏன் மரத்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். என் பிழைப்பே இதயங்களைப் பார்ப்பதுதான். எக்கோ டெக்னீஷியன். இருட்டறையில் ஜெல் தடவி, மார்பின் மீது புரோபை வைத்து, திரையில் துடிப்பதை அளந்து எழுதுகிறவள். கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த சில வருஷத்தில் வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. 20 வருஷமாகப் பெரியப்பாவை விடாமல் இருந்த பிரஷர் இறங்க ஆரம்பித்தது. மூன்று மாத்திரை இரண்டானது, இரண்டு ஒன்றானது. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்றதும் அந்த ஒன்றையும் நிறுத்திவிட்டார்கள். பெரியம்மாவுக்குப் பெருமை தாளவில்லை. உப்பைக் குறைத்ததும் சாயங்காலம் நடக்க வைத்ததும் தான்தான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

இப்போது அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளப்படும் ரத்தம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் பிரஷர் இறங்கியிருக்கிறது. இதயத்தில் புகுந்திருந்த நோய்க்கு அமிலாய்டு என்று பெயர், அது பின்னால்தான் தெரிந்தது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கும் தன்னியக்க நரம்புகளிலும் அதே நோய் புகுந்திருக்கலாம். வயசானவருக்குப் பல காலமாக இருந்த பிரஷர் தானாகக் குணமாகி, கூடவே மூச்சும் வாங்குகிறது என்றால் அது கொண்டாட வேண்டிய விஷயமே இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

மூச்சு வாங்கத் தொடங்கியபோது முதல் எக்கோ எடுத்தது நானேதான். இடது கீழறைச் சுவர் 14 மில்லிமீட்டர். 12-ஐத் தொட்டாலே தடிப்பு என்று கவனிக்க வேண்டும். பம்ப் ஆகும் அளவு 58 சதவீதம், பார்வைக்கு நன்றாகவே இருந்தது. எங்கள் கணினியில் வழக்கமான வாக்கியங்கள் பொத்தான் பொத்தானாக இருக்கும். ஒன்றை அழுத்தினால் போதும், "உயர் ரத்த அழுத்தத்தால் ஏற்பட்ட சுவர் தடிப்பு" என்று ரிப்போர்ட்டில் விழும். அழுத்தினேன். பிரஷர் இருந்தவர், சுவர் தடித்திருக்கிறது, கணக்கு நேராகிவிட்டது. அந்தப் பொத்தானை அதற்கு முன் எத்தனை பேருக்கு அழுத்தியிருப்பேன் என்று நான் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணினால் தூக்கம் வராது.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்தார். கால் வீங்கியிருந்தது. ஷூ போட முடியாமல் செருப்போடு வந்திருந்தார். மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறார் என்று பெரியம்மா சொன்னார். சுவர் இப்போது 17 மில்லிமீட்டர். பிரஷர் மாத்திரை நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும், பிரஷரால் தடித்ததாக நான் எழுதிய சுவர் இன்னும் தடித்திருக்கிறது. அந்தக் கணக்கு எங்கேயோ இடித்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. மூத்த டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் எக்கோ படத்தைப் பார்த்தார், அன்று காலை எடுத்த ஈ.சி.ஜி.யை அதன் பக்கத்தில் வைத்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "இந்த ரெண்டும் ஒரே ஆளோடதா?"

இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஈ.சி.ஜி. எழுதுவது இதயத் தசையின் மின்சாரத்தை. தசை பெருத்தால் கோடுகள் உயர வேண்டும். எக்கோ அளப்பது சுவரின் கனத்தை. அந்தக் கனத்தில் தசை எவ்வளவு, வேறு பொருள் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பெரியப்பாவின் எக்கோவில் சுவர் மதில் மாதிரி நிற்கிறது, ஈ.சி.ஜி.யில் கோடு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் சுவருக்குள் மின்சாரம் கடத்தாத எதுவோ நிறைந்திருக்கிறது. பழைய ஃபைலைப் புரட்டினால் இன்னொன்றும் கிடைத்தது. நாலு வருஷம் முன்பே ஒரு ஈ.சி.ஜி.யில் பழைய மாரடைப்பின் தடம்போல ஏதோ தெரிந்து, ஆஞ்சியோ செய்திருக்கிறார்கள். குழாய்கள் சுத்தமாக இருந்திருக்கின்றன. "அடைப்பு எதுவும் இல்லை" என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்கு வந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. மாரடைப்பே வராமல் மாரடைப்பின் தடம் எப்படி வந்தது என்ற கேள்வி மட்டும் ஃபைலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஈ.சி.ஜி. கோடு குட்டையாக இல்லையே, அப்போது பயமில்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பெரியப்பாவுக்கு வந்த வகையில் பாதிப் பேருக்கு மேல் கோடு குட்டையாக இருப்பதில்லை. சுவரின் கனத்துக்கு ஏற்ற உயரம் கோட்டுக்கு இருக்கிறதா என்று ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அன்று டாக்டர் என்னை மறுபடி புரோபை எடுக்கச் சொன்னார். ஸ்ட்ரெயின் என்று ஒரு அளவு உண்டு. சுவரின் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சுருங்குகிறது என்பதை வட்டமான வரைபடமாகக் காட்டும். நன்றாகச் சுருங்கும் இடம் சிவப்பு, சோம்பலான இடம் வெளிறல். பெரியப்பாவின் படத்தில் நடுவில், அதாவது இதயத்தின் நுனியில் மட்டும் அடர் சிவப்பு, சுற்றிலும் வெளிறிக்கிடந்தது. பிரஷரால் தடித்த இதயத்தில் இந்தக் கோலம் சாதாரணமாக வராது. மேலறைகளுக்கு நடுவில் இருக்கும் தடுப்பும் வால்வுகளும்கூடத் தடித்திருந்தன. இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர். 58 சதவீதம் என்று நான் திருப்தியோடு எழுதிய எண்ணுக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. சின்னச் செம்பில் பாதிக்கு மேல் ஊற்றினாலும் ஊற்றியது கொஞ்சம்தானே. உள்ளே இருந்த இடமே சுருங்கிப்போயிருந்தது.

டாக்டர் பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை முடியும் இடத்தில், இரண்டு பக்கமும், ஒரே அளவில் வெள்ளைத் தழும்பு.

"இது எப்போ?"

"அது ஆச்சு சார், ஒம்பது வருஷம். தொழில் வியாதி."

"ரெண்டு கையிலயும் கத்திரி பிடிப்பீங்களா?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

அமிலாய்டு என்ற பெயரே ஒரு தவறில் பிறந்தது. 1854-இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, உறுப்புகளில் படிந்திருந்த மெழுகுபோன்ற ஒரு பொருள் அயோடின் பட்டதும் மாவுச்சத்துபோல நிறம் மாறுவதைப் பார்த்து, மாவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். ஐந்தே வருஷத்தில் ஃபிரீட்ரைக்கும் கெகுலேயும் அது புரதம் என்று காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை.

மடிப்புத் தவறிய புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத நாராகி, உறுப்புகளின் இடுக்குகளில் படிவதுதான் அமிலாய்டு. இப்படிப் படியக்கூடிய புரதங்கள் பல இருந்தாலும் இதயத்தைப் பிடிப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுப்பாடில்லாமல் உற்பத்தி செய்யும் லைட் செயின் என்ற ஆன்டிபாடிப் புரதத் துண்டு. இதை ஏ.எல். வகை என்பார்கள். இன்னொன்று டிரான்ஸ்தைரெட்டின். கல்லீரல் செய்து ரத்தத்தில் விடும் இந்தப் புரதம் தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் சுமந்து செல்வது. நான்கு துண்டுகள் சேர்ந்து ஒரு பொட்டலமாக இருக்கும். வயதாக ஆக, அல்லது மரபணுவில் பிழை இருந்தால், அந்தப் பொட்டலம் பிரிகிறது. தனியான துண்டு சுருண்டு கோணலாகி, தன்னைப்போன்ற இன்னொன்றோடு ஒட்டிக்கொள்கிறது. இதயத் தசையின் இடையில் மட்டும் அது படிவதில்லை. மணிக்கட்டு நாரில், முதுகுத்தண்டை ஒட்டிய நாரில், புஜத்துத் தசைநாரில் எல்லாம் படியும். மணிக்கட்டில் படிந்து நரம்பை நசுக்கியதற்கும் இதயம் திணறத் தொடங்குவதற்கும் இடையில் ஐந்து, பத்து வருஷம்கூட ஆகும். அதனால்தான் கைக்காரர் கையைப் பார்க்கிறார், முதுகுக்காரர் முதுகைப் பார்க்கிறார், கடைசியில் இதயக்காரர் முன்னால் வந்து நிற்கும்போது பழைய தழும்புகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெரியப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தசைக்கு நடுவில் ஏதோ புகுந்து விறைப்பாகிவிட்டது என்று ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்: "காலருக்குள்ள கேன்வாஸ் வெச்சுத் தெச்ச மாதிரியா?" அதைவிடச் சரியாக ஒரு பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. துணி அதே துணிதான். உள்ளே வைத்த கேன்வாஸால் கனமும் வருகிறது, விறைப்பும் வருகிறது. ரத்தம் வந்து நிறையும்போது விரிந்துகொடுக்க வேண்டிய சுவர் விரியாமல் நிற்கிறது. நிறைய முடியாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலிலும் காலிலும் நீராகிறது.

இது அபூர்வ வியாதி என்று படித்துத்தான் நான் வேலைக்கு வந்தேன். அந்தச் சொல்லே பாதிக் கெடுதல் செய்தது என்று நினைக்கிறேன். பின்லாந்தில் 85 வயது கடந்து இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு டிரான்ஸ்தைரெட்டின் படிவு இருந்தது. படிவு இருந்த எல்லோருக்கும் நோய் முற்றியிருந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஸ்பெயினில், பம்ப் அளவு சரியாக இருந்தும் இதயச் செயலிழப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த, சுவர் தடித்த 120 முதியவர்களைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம் என்று 2015-இல் எழுதினார்கள். தேடினால் கிடைக்கிறது. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வில் கார்பல் டனல் ஆபரேஷன் செய்துகொண்ட 98 பேரிடம் வெட்டி எடுத்த திசுவைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். பத்துப் பேரிடம் அமிலாய்டு.

அந்தச் சாயத்தின் கதை பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்தது. காங்கோ ரெட் என்பது பருத்தித் துணிக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட சாயம். அதற்கு முன் பருத்தியில் சாயம் ஒட்ட வேண்டுமென்றால் சாயம்பிடிப்பான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தச் சாயம் எதுவும் இல்லாமலே நேராக ஒட்டியது. 1884-இல் ஜெர்மனியில் வந்தது. ஆப்பிரிக்காவைப் பங்கு பிரிக்க ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடிக் காங்கோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம், பத்திரிகையெல்லாம் அதே பேச்சு, விற்பனைக்காக அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். 1922-இல் பென்ஹோல்ட் என்ற மருத்துவர் அது அமிலாய்டிலும் ஒட்டும் என்று கண்டார். பருத்தி இழைபோலவே அமிலாய்டு நாரும் வரிசையாக அடுக்கப்பட்டது. சாயமேற்றிய திசுவைத் துருவப்படுத்திய ஒளியில் நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சை ஆப்பிளின் நிறத்தில் மின்னும்.

"அப்ப என் கையில வெட்டி எடுத்தாங்களே, அதுல இந்தச் சாயத்தைப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம் பெரியப்பா."

"அதை என்ன செஞ்சாங்க?"

குப்பையில் போட்டிருப்பார்கள். அதை நான் சொல்லவில்லை, அவரும் திரும்பக் கேட்கவில்லை. "துணிச் சாயம்" என்று மட்டும் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

முன்பெல்லாம் உறுதிசெய்ய இதயத்திலிருந்தே ஒரு துணுக்குச் சதையை எடுக்க வேண்டும். இப்போது டிரான்ஸ்தைரெட்டின் வகையைப் பலருக்குச் சதை எடுக்காமலே உறுதிசெய்யலாம். எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படுத்தும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றி, சில மணி நேரம் கழித்துப் படமெடுப்பார்கள். எலும்பில் ஒட்ட வேண்டிய மருந்து இந்த இதயத்திலும் ஒட்டிக்கொள்ளும். விலா எலும்பின் ஒளிர்வோடு இதயத்தின் ஒளிர்வை ஒப்பிட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண். பெரியப்பாவுக்கு 3. படத்தில் விலா எலும்புகள் மங்கிப்போய் இதயம் மட்டும் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. சில சமயம் இதய அறைக்குள் இருக்கும் ரத்தமே ஒளிர்ந்து ஏமாற்றும் என்பதால் முப்பரிமாணப் படமும் எடுத்துச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள்.

ஆனால் அந்தப் படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பத்திக்காக என்றும் சொல்லலாம். ஏ.எல். வகையிலும் சிலருக்கு அந்த ஸ்கேன் ஒளிரும். ஏ.எல். வேறு நோய், வேறு வேகம், வேறு மருத்துவம். ஆகவே ஸ்கேனோடு சேர்த்து, முடிந்தால் முன்பே, மூன்று பரிசோதனைகள் கட்டாயம்: ரத்தத்தில் கப்பா, லாம்டா என்ற இரண்டு லைட் செயின்களின் அளவும் விகிதமும், கட்டுப்பாடில்லாமல் உற்பத்தியாகும் ஆன்டிபாடிப் புரதத்தைத் தேடும் இம்யூனோஃபிக்சேஷன் ரத்தத்தில், சிறுநீரிலும் அதுவே. புரதங்களைப் பிரித்துக் காட்டும் சாதாரண எலெக்ட்ரோஃபோரெசிஸ் ஒன்றைச் செய்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று விட்டால் ஏ.எல். நழுவிப்போகும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு கப்பா-லாம்டா விகிதம் கொஞ்சம் மாறியிருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மூன்றும் சுத்தமாக இருந்து, ஸ்கேன் 2 அல்லது 3 என்று வந்தால், அது டிரான்ஸ்தைரெட்டின்தான். உலகின் பல மையங்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சேர்க்கை ஒருமுறைகூடத் தவறவில்லை. ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தாலும் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வேகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பெரியப்பாவுக்குக் கண்டுபிடித்த சில மாதத்தில் ஒரு பெண்மணி என் அறைக்கு வந்தார். வயது ஐம்பதுகளில். அதே தடித்த சுவர். ஜெல் தடவும்போது பேச்சுக் கொடுத்தேன்; வார்த்தை கொழகொழவென்று வந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். ஓரம் முழுக்கப் பல் பதிந்த வரிகள். கண் இமைகளைச் சுற்றி ஊதா நிறம், யாரோ அடித்ததுபோல. தும்மினாலே இப்படி ரத்தம் கட்டிக்கொள்கிறது என்றார். சிறுநீரில் நுரை. அன்றே ரத்தவியல் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஏ.எல். இதயத்தைப் பிடித்தால், மருத்துவம் இல்லாவிட்டால் மாதக் கணக்கில் எல்லாம் முடிந்துவிடும். படிவதோடு நிற்காமல் அந்த லைட் செயின்களே இதய செல்களுக்கு நஞ்சாகவும் இருக்கின்றன. சிகிச்சையின் குறி எலும்பு மஜ்ஜையில் இருக்கும் அந்தப் பிளாஸ்மா செல்கள். போர்டெசோமிப், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டெக்ஸாமெத்தசோன் என்ற மூன்று மருந்துகளோடு இப்போது டாராட்டுமுமாபும் சேர்கிறது. 388 பேரிடம் செய்த சோதனையில் அதைச் சேர்த்தபோது ரத்தத்தில் அந்தக் கெட்ட புரதம் முழுமையாக அடங்கியவர்கள் 53 சதவீதம், சேர்க்காதபோது 18. உடம்பு தாங்கும் சிலருக்குத் தங்கள் சொந்த ஸ்டெம் செல் மாற்றும் உண்டு. அந்தப் பெண்மணி இப்போதும் எக்கோவுக்கு வருகிறார். நாக்கு அப்படியேதான் இருக்கிறது. படிந்தது சீக்கிரம் போவதில்லை.

பெரியப்பாவுக்கு மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். எழுபத்தாறு வயசுக்காரருக்கு இது எதற்கு என்று பெரியம்மா கேட்டார். பரம்பரை வகையாக இருந்தால் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களில் 3 முதல் 4 சதவீதம் பேரிடம் இதயத்தைக் குறிவைக்கும் ஒரு பிழை இருக்கிறது. வயதான பிறகே அது வெளியே வரும் என்பதால் முதுமை நோய் என்றே பலரிடம் தவறாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெரியப்பாவிடம் பிழை எதுவும் இல்லை. வயதால் மட்டுமே வந்த வகை. அவர் பிள்ளைகள், அக்காவும் தம்பியும், நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

மருந்தின் கதை போர்ச்சுகலில் ஆரம்பிக்கிறது. போர்ட்டோ நகரின் நரம்பியல் மருத்துவர் கொரினோ தி ஆந்திராதி, மீனவக் குடும்பங்களில் பாதத்திலிருந்து உணர்ச்சி போய்க்கொண்டே வந்து ஆளைக் கொல்லும் ஒரு நோயைக் கவனித்து, 1952-இல் எழுதினார். ஊர்க்காரர்கள் அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள்: சின்னப் பாதங்களின் நோய். டிரான்ஸ்தைரெட்டின் மரபணுவில் ஒரு பிழைதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அந்தப் பிழை இருந்தும் நோய் வராத சிலர் ஒரு குடும்பத்தில் இருந்தார்கள். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் அல்லவா? அவர்களின் இன்னொரு பிரதியில் வேறொரு மாற்றம் இருந்தது. அந்த மாற்றம் நான்கு துண்டுப் பொட்டலத்தை இறுக்கிக் கட்டி, பிரியவிடாமல் வைத்திருந்தது. ஒரு கெடுதலை இன்னொரு தற்செயல் தடுத்து நிறுத்தியிருக்கிறது. அமெரிக்காவில் ஜெஃப்ரி கெல்லியின் ஆய்வுக்கூடம் அதே வேலையை ஒரு மாத்திரையால் செய்ய முயன்றது; அதிலிருந்து வந்தது டஃபாமிடிஸ். பொட்டலத்தில் தைராய்டு ஹார்மோன் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து முடிச்சை இறுக்கும்.

2018-இல் டஃபாமிடிஸ் சோதனையின் முடிவு வெளிவந்தது. 441 பேர், 30 மாதம். மருந்து எடுத்தவர்களில் 29.5 சதவீதம் பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 42.9. உயிர்காப்பில் வித்தியாசம் தெரியவே ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஆகவேதான் சீக்கிரம் கண்டுபிடி என்கிறார்கள். இது வெள்ளத்துக்கு அணை போடும் மருந்து. ஏற்கெனவே புகுந்த தண்ணீரை இறைக்காது. விலை பற்றிப் பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். கைக்கெட்டாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். டிஃப்ளூனிசால் என்ற பழைய வலி மாத்திரைக்கும் இந்த முடிச்சை இறுக்கும் குணம் உண்டு, ஆனால் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்தவருக்கு வலி மாத்திரை கொடுப்பது யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. முடிச்சை இறுக்கும் இன்னொரு மருந்தான அகோராமிடிஸ் 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வுட்ரிசிரான் வேறு வழியில் போகிறது: கல்லீரல் அந்தப் புரதத்தைச் செய்யும் கட்டளையையே ஊமையாக்குகிறது, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. வைட்டமின் ஏ சுமக்க ஆள் குறைவதால் அதை மாத்திரையாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். கிறிஸ்பர் முறையில் உடம்புக்குள்ளேயே அந்த மரபணுவை வெட்டிய முதல் முயற்சியும் 2021-இல் வெளிவந்தது. அது இன்னும் ஆராய்ச்சியில்தான்.

இந்தப் பெரிய மருந்துகளுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை நடந்தது. உடனே பலன் கொடுத்தது அதுதான். டாக்டர் மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரையை அடித்தார். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர். இதயச் செயலிழப்பு என்றாலே வழக்கமாக எழுதிவிடும் மாத்திரை. செம்பு சின்னது என்றால் அடிக்கடி மொள்ள வேண்டும். இந்த இதயத்துக்குத் துடிப்பின் வேகம்தான் மிச்சமிருந்த ஒரே வழி, அதையும் நாம் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். அடித்த பத்து நாளில் பெரியப்பா வீட்டுக்குள் நடமாடினார். எல்லோருக்கும் அப்படி நிறுத்திவிடலாம் என்று இல்லை, ஆனால் எல்லோருக்கும் பழக்கத்தால் எழுதவும் கூடாது. துடிப்பைக் குறைக்கும் வேறு மாத்திரைகளான வெரபமில், டில்டியாசெம் இரண்டும் இங்கே ஆகாது. டிகாக்சின் என்ற பழைய இதய மருந்தைக் கொடுத்தால் குறைந்த அளவில், கண்காணிப்போடு. மேலறைத் துடிப்பு தாறுமாறானால் வேறு கணக்கெல்லாம் பார்க்காமல் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்டு, ஏனென்றால் இந்த மேலறைகளில் ரத்தம் சுலபமாகக் கட்டிவிடும். சிலருக்கு மின்பாதை அறுந்து பேஸ்மேக்கர் தேவைப்படும்.

மற்றபடி தினசரி வாழ்க்கை என்பது நீர் மாத்திரையோடு கயிற்றின் மேல் நடப்பது. கொஞ்சம் கூடினால் எழுந்து நின்றதும் கண் இருட்டும், சிறுநீரகம் முகம் சுளிக்கும். கொஞ்சம் குறைந்தால் கால் வீங்கும், படுக்க முடியாது. தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் பெரியப்பா பெட்டியிலிருந்து தன் பழைய அளவு நோட்டை எடுத்தார். நீளம், மார்பு, இடுப்பு, தோள், கை என்று கட்டம் போட்ட நோட்டு. கடைசி இருபது பக்கம் காலியாக இருந்தது. "நீளம்" என்ற கட்டத்தில் எடை. எடையை மட்டும் எழுதுவதில் அவருக்குத் திருப்தி இல்லை. மெஷினை நம்ப மாட்டார். இஞ்ச் டேப்பை எடுத்துக் கணுக்காலைச் சுற்றி அளந்து "கை" என்ற கட்டத்தில் எழுதுகிறார். இறுக்கிப் பிடிக்காமல், லூஸும் விடாமல், ஒரு விரல் இடம் விட்டு. இரண்டு வருஷமாக அப்படித்தான். என்னிடம் இருக்கும் மெஷினின் விலைக்கு அந்த டேப்பைப்போல ஆயிரக்கணக்கில் வாங்கலாம், ஆனால் நீர் சேர்வதை முதலில் சொல்வது அதுதான்.

காலை ஏழு மணிக்குப் போன் வரும். இன்றைக்கும் வந்தது.

"பாப்பா, ஒம்பதே முக்கால். நேத்து ஒம்பதரை. எடை அரை கிலோ ஏறியிருக்கு. மூச்சு பரவாயில்ல."

"ராத்திரி மூச்சு வாங்காம படுக்கத் தலைகாணி எத்தனை?"

"ரெண்டுதான்."

"சரி, டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்திரை கூட்டணுமானு சொல்றேன். எழுந்திருக்கும்போது கட்டிலைப் பிடிச்சுக்குங்க."

"பிடிச்சுக்கறேன், பிடிச்சுக்கறேன். உங்க பெரியம்மா பேசணுமாம்."